டிசம்பர்ல குல்மார்க்: பனி கம்மின்னா பனிச்சரிவு பயமும் கம்மிதானே?

குழித்துறை பையன், நவம்பர் 14, இரவு 10.40

நாங்க நாலு பேரு, எல்லாருக்கும் பெங்களூர்ல வேலை, ஊரு குழித்துறை மார்த்தாண்டம் பக்கம். போன பிப்ரவரில காஷ்மீர் குல்மார்க்ல பனிச்சறுக்கு, அதான் ஸ்கீ, பிகினர் கோர்ஸ் முடிச்சாச்சு. இந்த தடவ டிசம்பர் ரெண்டாவது வாரமே போயி, கோண்டோலா ரோப்கார்ல ரெண்டாவது ஸ்டேஜ் ஏறி, கயிறு கட்டின ஏரியாவ விட்டு வெளிய காவல் இல்லாத பேக்கன்ட்ரில ஒரு ரன்னாவது அடிச்சிரணும்னு பிளான். பனிச்சரிவு, அதான் அவலாஞ்ச்லாம் ஜனவரி பிப்ரவரில ஆளுயரம் பனி கிடக்கும்போதுதானே வரும், டிசம்பர்ல முழங்கால் அளவுதான் இருக்கும், அப்போ இதுதான் சேஃபான டைம்னு என் கணக்கு. அங்க இருந்த ஆளுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

தக்கலை பட்டாளம், நவம்பர் 14, இரவு 11.25

கணக்கு தலைகீழா கிடக்கு மக்கா. டிக்கெட் போட்டாச்சா? நாளைக்கு எழுதுகேன், இப்போ கண்ணு சொக்குது.

தக்கலை பட்டாளம், நவம்பர் 15, காலை 6.10

பனி கம்மியா கிடக்கதுதான் அங்க வில்லங்கமே. எப்படின்னு கேளு.

பனிக்கு அடியில உள்ள தரை கோடைச் சூட்ட விட்டுட்டு உடனே உறைஞ்சிராது, பனி மூடினப்பொறவு தரை கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரிலயே நிக்கும். மேல ராத்திரி வானம் தெளிஞ்சு கிடந்தா மைனஸ் 15 வரைக்கும் போகும். இப்போ உன் முழங்கால் அளவு பனிய எடு, 40 செ.மீ.ன்னு வையி. அந்த 40 செ.மீ.க்குள்ள 15 டிகிரி வித்தியாசம், அதாவது 10 செ.மீ.க்கு நாலு டிகிரிக்கு கொஞ்சம் கீழ. 10 செ.மீ.க்கு ஒரு டிகிரிக்கு மேல போனாலே உள்ள பனி மாற ஆரம்பிச்சிரும். கீழ உள்ள ஆவி மேல ஏறி ஏறி, பனி மணியெல்லாம் மூலையும் முனையுமா, உள்ள பொள்ளலா ஆயிரும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. கையில அள்ளி உருட்டிப் பாரு, உருண்டையே பிடிக்க முடியாது, சீனி மாதிரி விரலுக்கு இடையில ஒழுகும். அங்க கைடுகளும் சுகர் ஸ்னோன்னுதான் சொல்லுவானுவ. அதே மைனஸ் 15 ராத்திரி, ஆனா பனி ரெண்டு மீட்டர் கிடக்குன்னு வையி, அப்போ 10 செ.மீ.க்கு முக்கால் டிகிரிதான். அது மெதுவா ஒட்டி இறுகும். கனமா பனி கிடந்தா அடி நல்லதா இருக்க வாய்ப்பு உண்டு, மெலிசா கிடந்தா அடி கெட்டுப்போக வாய்ப்பு ரொம்ப.

இது மட்டும்னா ஒண்ணும் பயமில்ல, சீனி சும்மா கிடக்கும். டிசம்பர்ல ஒரு வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ், அதாவது மேற்க இருந்து வருக மழைச்சின்னம், வந்து ஒரு அடி ரெண்டு அடி புதுப்பனி கொட்டி, காத்து அடிச்சு அத பலகையா இறுக்கிட்டுன்னா கதை மாறிச்சு. நம்ம வீட்டுல புட்டு அவிக்கோம்லா, குழல்ல மாவு, தேங்காப்பூ, பொறவு மாவு. குழல்ல இருந்து தள்ளும்போது எங்க உடையும்? தேங்காப்பூ கிடக்க இடத்துல. அவ்வளவுதான் ஸ்லாப், அதாவது பலகைப்பனி, அவலாஞ்ச்.

தக்கலை பட்டாளம், நவம்பர் 15, காலை 9.30

டீ குடிக்கும்போது யோசிச்சேன், புட்டு உதாரணம் பாதிக்குத்தான் நிக்கும். புட்டு உடைஞ்சா துண்டு அங்கனயே தட்டுல விழும். பனில அப்படி இல்ல, நீ ஒரு இடத்துல மிதிச்சு அடியில உள்ள சீனி நொறுங்கிட்டுன்னா அந்த நொறுங்கல் பக்கவாட்டுல ஓடும், நீ திரும்பிப் பாக்கதுக்குள்ள நூறு மீட்டருக்கு அங்கிட்டு விரிசல் போயிருக்கும். அப்பொறவு மொத்த சரிவும் கட்டி கட்டியா உடைஞ்சு உன்னையும் தூக்கிட்டு கீழ போகும். நீ அதுக்கு மேல நிக்க மாட்ட, நடுவுல நிப்ப. இத கவனி, பனிச்சரிவுல செத்தவங்க கணக்க எடுத்தா பத்துக்கு ஒம்பது கேஸ்ல அத கிளப்பி விட்டது செத்த ஆளே, இல்ல கூட வந்தவன். மலையா வந்து மேல விழுகது கம்மி.

குழித்துறை பையன், நவம்பர் 15, மதியம் 1.15

டிக்கெட் போட்டாச்சு அண்ணாச்சி, ரீஃபண்ட் கிடையாது. புதுப்பனி விழாத நாளா பாத்து ஏறினா போதும்லா?

தக்கலை பட்டாளம், நவம்பர் 15, இரவு 9.50

ரீஃபண்ட் இல்லேன்னா மலைக்கு என்ன.

புதுப்பனி விழுந்த நாளும் அதுக்கு அடுத்த நாளும் மோசம்கது சரிதான். ஆனா வானம் நீலமா இருக்கு, பனி விழல, சேஃப்னு நினைக்காத, காத்துன்னு ஒண்ணு இருக்கு. அபர்வாட்டுல, அதான் கோண்டோலா ஏறுக மலைல, குல்மார்க்க பாத்த முகம் பெரும்பாலும் கிழக்கு, காத்து பெரும்பாலும் மேற்க இருந்து. அங்கிட்டு கிடக்க பனிய சுரண்டி இந்தப்பக்கம் கொண்டு தட்டும். வானத்துல இருந்து ஒரு பொட்டு விழாமலே நீ இறங்கப்போற சரிவுல ஒரே ராத்திரில இடுப்பளவு ஏறி நிக்கும். ஆரல்வாய்மொழி காத்தப் பாத்து வளந்த நமக்கு இத தனியா சொல்லணுமா.

இன்னொண்ணும் உண்டு, சீசன் ஆரம்பத்துக்குன்னே உள்ள சங்கதி இது. அக்டோபர் நவம்பர்ல விழுந்த பழைய பனி எல்லா இடத்துலயும் நிக்காது. வெயில் படுக சரிவுல உருகிப் போயிரும், முகட்டுல காத்து பறத்திரும். மிஞ்சி நிக்கது வடக்கு பாத்த நிழல் சரிவுலயும், ஓடைப் பள்ளத்துலயும், முகட்டுக்குக் கீழ குழிஞ்ச இடத்துலயும். டிசம்பர்ல ஸ்கீய தூக்கிட்டு போறவன் எங்க போவான்? பாறை தெரியாம வெள்ளையா கிடக்க இடத்துக்கு. அது எது? மேல சொன்ன அதே இடம்தான். கெட்ட அடியும் அங்க, காத்து கொண்டு தட்டுன பாரமும் அங்க. மத்த இடத்துல சறுக்கவே பனி கிடையாது. ஸ்கீ போட பனி போதும்னா சரியதுக்கும் போதும்.

அதுமேல பாறை வேற. பிப்ரவரில ஒரு சின்ன பனிச்சரிவு இழுத்துட்டுப் போனா பனிமேல உருளுவ. டிசம்பர்ல அதே சின்ன பனிச்சரிவு உன்ன பாறைமேல போட்டு அரைக்கும், மரக்குத்தில கொண்டு அடிக்கும். புதையவே வேண்டாம், அடிபட்டே போவான்.

இரணியல் ராசா, நவம்பர் 16, காலை 8.00

பட்டாளம் அண்ணாச்சி பயம் காட்டுகதுல கெட்டி. கன்னியாகுமரிக்காரனுக்கு ஐஸ்னா மீன் பெட்டிதான், இதெல்லாம் நமக்கு எதுக்குவே?

தக்கலை பட்டாளம், நவம்பர் 16, காலை 8.20

உமக்கு எதுக்குன்னு கேக்காதயும், கேட்டவன் டிக்கெட் போட்டுட்டான்.

தக்கலை பட்டாளம், நவம்பர் 16, இரவு 10.05

ராசா கேட்டதுனால சொந்தக்கதை ஒண்ணு. வடக்கு காஷ்மீர்ல போஸ்ட்டிங், டிசம்பர் மாசம், ஊர்ல அப்போ எங்க அம்மா போன்ல நெல்லு நாத்து பத்தி பேசிட்டு இருப்பா. நாங்க வரிசையா ஒரு பேட்ரோல் போறோம், ஸ்கீ எல்லாம் இல்ல, பூட்ஸ்தான். முன்னால உள்ளூர் போர்ட்டர் ஒருத்தரு, வயசானவரு, ஃபெரன் அங்கிக்கு உள்ள காங்கிடி தீச்சட்டி. இடம் ஏறக்குறைய சமதளம், முழங்காலுக்கு கீழதான் பனி, நான் அஞ்சாவதோ ஆறாவதோ ஆளு. திடீர்னு காலுக்கடியில "வும்ப்"னு ஒரு சத்தம். காதுல கேட்டத விட வயித்துல தெரிஞ்சுது, தரை ஒரு இஞ்ச் இறங்கின மாதிரி. கொஞ்சம் தள்ளி பனிக்கு மேல தலைய நீட்டிட்டு நிண்ண ஒரு செடி, காத்தே இல்ல, குலுங்கிச்சு. எங்களுக்கு ஒண்ணும் புரியல, ஒருத்தன் சிரிச்சான். போர்ட்டர் அப்படியே நிண்ணாரு, கைய பின்னால காட்டினாரு, பொறவு இடதுபக்கம் மேல உள்ள சரிவ பாத்துட்டே இருந்தாரு. திரும்பிப்போவோம்னு சொல்லிட்டாரு. எங்க சுபேதார் சாபுக்கு அவசர வேலை, ஆனாலும் அந்த மனுசன் பேச்ச கேட்டாரு, வந்த தடத்துலயே திரும்பினோம். அந்த சரிவு அண்ணைக்கு விழுந்துதா இல்லியான்னு பாக்க யாரும் அங்க நிக்கல.

நான் சமதளத்துலதானே நிக்கேன்னு நீ நினைப்ப. அந்த வும்ப் சத்தம் அடியில உள்ள சீனி நொறுங்குகது. அந்த நொறுங்கல் சமதளத்துல இருந்து ஓடிப்போயி மேல உள்ள செங்குத்த கழட்டி விடும். கீழ நிக்கவன் மேல உள்ளத கிளப்புவான். ஸ்கீ முனையில இருந்து விரிசல் கோடு பாஞ்சாலும் இதே கதைதான். இந்த ரெண்டுல ஒண்ணு நடந்தா அதுக்கு மேல பனியியல் படிக்க வேண்டாம், அண்ணைக்கு கச்சேரி முடிஞ்சு.

தக்கலை பட்டாளம், நவம்பர் 17, காலை 6.30

கோணம் சொல்ல விட்டுப்போச்சு. ஸ்லாப் சரியதெல்லாம் பெரும்பாலும் 30 டிகிரில இருந்து 45 டிகிரிக்குள்ள. அதுக்கு மேல பனி தங்காம அப்பப்போ உதிர்ந்திரும், அதுக்கு கீழ சாதாரணமா நகராது. வினை என்னன்னா ஸ்கீ அடிக்க ருசியான சரிவும் அதேதான், 35, 38. போன்லயே கோணம் பாக்க வழி இருக்கு, ஸ்கீ போல்ல ஒட்டி வச்சு பாத்து பழகு. கண்ணால குத்துமதிப்பா சொன்னா எல்லாரும் தப்பாத்தான் சொல்லுவாங்க. டிசம்பர்ல 30க்கு கீழயே நில்லு, உன் சரிவுக்கு மேல 30க்கு மேல ஒண்ணு தொங்கிட்டு நிக்கக்கூடாது. ரெண்டாவதத்தான் எல்லாரும் மறப்பானுவ.

குழித்துறை பையன், நவம்பர் 18, இரவு 11.00

அண்ணாச்சி, கூகிள்ல தேடினா குல்மார்க் ஆக்சிடென்ட் எல்லாமே பிப்ரவரிதான் வருது. 2010ல கிலன்மார்க்ல 17 ஜவான், பிப்ரவரி. 2023ல ஹபத்குட்ல போலந்துக்காரங்க ரெண்டு பேரு, பிப்ரவரி 1. 2024ல ரஷ்யாக்காரர் ஒருத்தர், பிப்ரவரி 22. அப்போ நான் சொன்னது சரிதானே??

தக்கலை பட்டாளம், நவம்பர் 19, காலை 7.15

நல்ல கேள்வி, பதில் ரெண்டு இருக்கு.

ஒண்ணு, டிசம்பர்ல அங்க மேல போறது எத்தனை பேரு? பிப்ரவரில உலகமே அங்க நிக்கும். ஆளு இல்லாத இடத்துல விழுந்தது நியூஸ்ல வராது. சீசன் ஆரம்பத்துல ஆளு மேல நிண்ணா என்ன ஆகும்னு பாக்கணும்னா 2022 அக்டோபர் 4 பாரு, உத்தரகாசில திரௌபதி கா டண்டா, 5,670 மீட்டர் மலை. நேரு மலையேற்ற நிறுவனத்துல ட்ரெய்னிங் எடுத்துட்டு இருந்தவங்க, கூட இன்ஸ்ட்ரக்டர்களும், பனிச்சரிவுல 29 பேரு செத்துப் போனாங்க. அக்டோபர் மக்கா, நமக்கு இங்க வடகிழக்கு பருவமழையே தொடங்கல. ஸ்கீ போட்டவங்க இல்ல, உயரமும் வேற, ஆனா மாசத்த பாத்து தைரியம் வரக்கூடாதுங்கதுக்கு சொல்லுகேன்.

ரெண்டாவது, பிப்ரவரில உடையுகது பல நேரம் அதுக்கு முன்னால பல வாரமா கெட்டுப்போன அடுக்கு. 2024ல என்ன நடந்துதுன்னு ஞாபகம் இருக்கா, சில்லாய் கலான் 40 நாளும், அதாவது டிசம்பர் 21ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும், பெரும்பாலும் காய்ஞ்சு கிடந்துது, குல்மார்க்ல புல்லு தெரியுத போட்டோ எல்லா பேப்பர்லயும் வந்துது. ஜனவரி கடைசில தான் பனி தொடங்கிச்சு, பிப்ரவரி மூணாவது வாரம் கொட்டித்தள்ளிச்சு, 22ம் தேதி அந்த ஆக்சிடென்ட். அந்த குறிப்பிட்ட சரிவுல உடைஞ்ச அடுக்கு எதுன்னு தோண்டிப் பாத்தவன்தான் சொல்லணும், ஆனா மெலிஞ்ச பனி, நீண்ட குளிர், பொறவு ஒரே பாரம்கது பாடப்புத்தக வரிசை. நீ டிசம்பர்ல பாக்க அந்த முழங்கால் பனிதான் பிப்ரவரிக்காரன் காலுக்கடியில கிடக்கும்.

தக்கலை பட்டாளம், நவம்பர் 19, இரவு 10.30

இதையும் சேத்து வாசி. டிசம்பர்ல போகவே கூடாதுன்னு நான் சொல்லல. பேட்ரோல் பாக்க ஏரியான்னு ஒண்ணு இருக்கு, கோண்டோலாவுக்கு கீழ உள்ள பெரிய கிண்ணம், அங்க குண்டு போட்டு பனிச்சரிவ முன்னாலயே இறக்கி விடுவானுவ, அவன் திறந்து விட்டா போ. கயிறு தாண்டினா அந்த வேலைய யாரும் உனக்கு செஞ்சு வைக்கல. ஒரே கோண்டோலால ஏறி ஒரே இடத்துல இறங்குகதுனால ரெண்டும் ஒண்ணுன்னு தோணும், பத்தடி வித்தியாசம்தான், ஆனா வேற உலகம்.

குழித்துறை பையன், நவம்பர் 20, மதியம் 12.40

அரசாங்கம் தினமும் அவலாஞ்ச் வார்னிங் போடுதுலா, அத பாத்துட்டு போனா?

தக்கலை பட்டாளம், நவம்பர் 20, இரவு 9.00

போடும், பாக்கணும். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் டி.ஆர்.டி.ஓ.வுக்கு கீழ டி.ஜி.ஆர்.இ.ன்னு பனிச்சரிவு ஆராய்ச்சிக்கூடம் சண்டிகர்ல இருக்கு, முன்னால மணாலில சாசேன்னு இருந்தது, 2020ல இன்னொண்ணோட சேத்துட்டாங்க. பட்டாளத்துக்கு அதுதான் வேதம். ஆனா அந்த எச்சரிக்கை வரது மாவட்டம் மாவட்டமா, இத்தனை மீட்டருக்கு மேல, அடுத்த 24 மணி நேரத்துக்குன்னு. குமரி மாவட்டத்துல கனமழைன்னு ரேடியோல சொன்னா பேச்சிப்பாறைலயும் முட்டத்துலயும் ஒரே மழையா பெய்யும்? நீ நிக்க சரிவு உனக்குத்தான் தெரியணும். அதுமட்டுமில்ல, அஞ்சு நிலை ஆபத்து அளவுகோல்ல நடுவுல உள்ள 3ங்கத நம்மாளு பாஸ் மார்க்குன்னு நினைக்கான். ஐரோப்பாலயும் அமெரிக்காலயும் பாத்தா அந்த 3லதான் ஆளு ரொம்ப சாகுகாங்க, 5 போட்டா எவனும் வெளிய போக மாட்டான்லா.

இரணியல் ராசா, நவம்பர் 22, இரவு 8.45

ஒரு சந்தேகம், கேலி இல்ல. சியாச்சின்ல ஹனுமந்தப்பா ஆறு நாள் பனிக்குள்ள உயிரோட கிடந்தாரே. பின்ன ஸ்கீக்காரனுவ, புதைஞ்சவன எடுக்க பதினஞ்சு நிமிஷம் பதினஞ்சு நிமிஷம்னு சொல்லுகது என்ன?

தக்கலை பட்டாளம், நவம்பர் 22, இரவு 11.40

2016 பிப்ரவரி 3, சோனம் போஸ்ட், 19,600 அடி, 19 மெட்ராஸ். நான் வேற பட்டாலியன், இருந்தாலும் அந்த வாரம் பூரா சாப்பாடு இறங்கல. பத்து பேரு புதைஞ்சாங்க, நம்ம தமிழ்நாட்டு பயலுகளும் உண்டு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருத்தர மட்டும் ஆறு நாளுக்கு பொறவு உயிரோட எடுத்தாங்க, 11ம் தேதி டெல்லில ஆஸ்பத்திரில இறந்துட்டாரு. அவரு டென்டுக்குள்ள இருந்தாரு, மூச்சுக்கு காத்து நிண்ண இடம் இருந்துது. அங்க விழுந்ததும் புதுப்பனி சரிவு இல்ல, ஐஸ் சுவரு. ஸ்கீ அடிச்சுட்டு வாறவனுக்கு டென்டு ஏது? மூக்குக்கு முன்னால பனி இறுகும், அவன் விட்ட மூச்ச அவனே திரும்ப இழுப்பான். முழுசா புதைஞ்சவன முதல் பத்து பதினஞ்சு நிமிஷத்துல எடுத்தா பத்துக்கு ஒம்பது பேரு பிழைப்பான், அரைமணி ஆச்சுன்னா பத்துக்கு மூணு பேருதான். ஸ்ரீநகர்ல இருந்து யாரும் பத்து நிமிஷத்துல வரமாட்டான். கூட வந்த மூணு பேருதான் உனக்கு ரெஸ்க்யூ டீம்.

தக்கலை பட்டாளம், நவம்பர் 24, காலை 10.20

அதனால நேத்து ஞாயித்துக்கிழமை குழித்துறை பையன் ஊருக்கு வந்தத சாக்கா வச்சு நாலு பயலுகளையும் சொத்தவிளை பீச்சுக்கு வரச்சொன்னேன். என்கிட்ட பீக்கான், அதாவது புதைஞ்ச ஆள சிக்னல் வச்சு தேடுக கருவி, ரெண்டு, பனில குத்திப் பாக்க புரோப் கம்பி ஒண்ணு, மடக்கு மண்வெட்டி ஒண்ணு உண்டு. தண்ணி ஏறாத மேட்டு மணல்ல ஒரு பீக்கான ஒரு டப்பால போட்டு ஒரு மீட்டர் ஆழத்துல புதைச்சிட்டு தேடச் சொன்னேன். உலகம் பூரா ஒரே அலைவரிசை, 457 கிலோஹெர்ட்ஸ், எந்த கம்பெனி பீக்கானும் எந்த கம்பெனியையும் கண்டுபிடிக்கும். முதல் பய போன பாக்கெட்ல வச்சுட்டே தேடினான், நம்பர் ஏறுது இறங்குது, மணல சுத்திச் சுத்தி நடக்கான். தேடும்போது போன் அரைமீட்டராவது தள்ளி இருக்கணும், ஆஃப் பண்ணிட்டா இன்னும் நல்லது. ரெண்டாவது பய பீக்கான பிடிச்சான், ஆனா அடையாளம் கிடைச்ச உடனே நேரா மேலயே நிண்ணு தோண்டுகான், தோண்டத் தோண்ட மணலு உள்ள விழுது. கம்பிய குத்தி ஆளு தட்டுப்பட்டா அத உருவாம அங்கயே விடணும், சரிவுல அதுக்கு கொஞ்சம் கீழ இருந்து பக்கவாட்டுல தோண்டிப் போகணும். ஒரு மீட்டர் ஆழத்துல கிடக்கவன எடுக்க ஒரு டன்னுக்கு மேல பனி அள்ளணும், அதுவும் விழுந்து இறுகின பனி, மண்வெட்டி டங்குன்னு தெறிக்கும். மணலு இதுக்கு எவ்வளவோ மேல். டப்பாவ எடுத்து முடிக்கும்போது மூணு பேருக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு, நான் வாச்ச காட்டினேன், யாரும் பேசல.

மீன் வலை உலத்திட்டு இருந்த பாட்டா ஒருத்தரு கடைசில கிட்ட வந்து, என்னடே, தங்கமா தேடுகிய, செயின் யாருக்கு போச்சுன்னு கேட்டாரு. இவன் பனிச்சரிவு ட்ரெய்னிங் தாத்தான்னான். அவரு கடல ஒருதரம் பாத்தாரு, இவன ஒருதரம் பாத்தாரு, போயிட்டாரு.

இரணியல் ராசா, நவம்பர் 24, காலை 11.05

சிரிச்சு செத்தேன்.

போறது எதுலடே? ஹிம்சாகர் ரயிலா?

குழித்துறை பையன், நவம்பர் 24, மதியம் 2.00

ஃப்ளைட் அண்ணே.

தக்கலை பட்டாளம், நவம்பர் 24, இரவு 9.15

ஹிம்சாகர்ல போனவன்தான் ஆம்பள. வெள்ளிக்கிழமை கன்னியாகுமரில ஏறினா கட்ரா வரைக்கும் மூணு ராத்திரிக்கு மேல, லீவுல பாதி அந்த ரயில்லயே போயிரும். எங்க காலத்துல ஜம்முல இறங்கி கான்வாய்ல ஏறணும், இப்போ செனாப் பாலம் திறந்து கட்ராவுல இருந்து ஸ்ரீநகருக்கே ரயில் ஓடுது. சவம், நம்ம ரிட்டயர் ஆனப்பொறவுதான் எல்லாம் வரும்.

தலைப்பு மாறுது. பையா, ஏர்பேக் வாடகைக்கு எடுக்கவான்னு தனியா கேட்டிருந்த. எடு, கெடுதல் இல்ல, ஊதினா மேல மிதக்க உதவும். ஆனா டிசம்பர் பாறைக்கு ஏர்பேக் மருந்தில்ல. காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா கைடுக்கு குடு, ஹெல்மெட்ட மறக்காத.

குழித்துறை பையன், டிசம்பர் 11, இரவு 8.30

குல்மார்க்ல இருந்து. ரெண்டாவது ஸ்டேஜ் காத்துல மூடிட்டாங்க, முதல் ஸ்டேஜ் கொங்டோரி வரைக்கும்தான். கைடு சொன்ன சரிவு 22 டிகிரி, போன்ல அளந்தேன், அங்கயே ரெண்டு ரன் அடிச்சோம், பாறைல உரசி ஸ்கீ அடிய கீறிட்டேன், கடைக்காரன் ஃபைன் கேக்கான். நிழல்ல ஒரு இடத்துல குழி தோண்டிப் பாத்தோம், மேல 25 செ.மீ. கெட்டியா இருக்கு, கீழ சீனிதான் அண்ணாச்சி, கையில நிக்கல. பிரண்டு ஒருத்தன், நாளைக்கு மேல திறந்தா கயிறு தாண்டி ஒரே ஒரு ரன் மட்டும்னு நிக்கான்.

தக்கலை பட்டாளம், டிசம்பர் 11, இரவு 8.50

மேல கெட்டி, கீழ சீனி, காத்து அடிச்சிட்டு இருக்கு. மூணும் நீயே எழுதியிருக்க, அவன் கையில போன குடுத்து வாசிக்கச் சொல்லு. கேக்கலேன்னா அவன் நம்பர எனக்கு அனுப்பு, நான் பேசுகேன்.

குழி எந்த முகத்துல, எந்த உயரத்துல தோண்டினன்னு எழுதி வையி, அடுத்தவாரம் போறவனுக்கு ஆகும். ஃபைன் முதல்ல கேட்டதுல பாதி குடுத்தா போதும். பீக்கான் ரெண்டும் என்னோடது, ராத்திரி ஆஃப் பண்ணி வையி, பேட்டரி தீந்திரும்.